உணவுக்குழாயின் உட்சுவரும் ஒவ்வாமையும்



இந்த இதழின் மருத்துவப் பாடமாக, நம்மில் அநேகர் கேள்விப்பட்டிராத ஒரு நோயை எடுத்துக்கொள்கிறோம். சில பிள்ளைகள் சாப்பிட்டதை அடிக்கடி வாந்தியெடுப்பார்கள், எடை ஏறாது, தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சில வாலிபருக்கு இறைச்சியோ சப்பாத்தியோ நெஞ்சுக்குள் நின்றுவிடும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குவார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு, "தொக்கம் விழுந்திருக்கிறது" என்று சொல்லி, தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோவது வழக்கம். அன்பினால் செய்வதே அது. ஆனால் காரணம் உணவுக்குழாயின் உட்சுவரில் இருந்தால், அதற்குள் மாதங்கள் கடந்துவிடும்.

உட்சுவரில் நடப்பது என்ன?

தொண்டையிலிருந்து இரைப்பைவரை செல்லும் உணவுக்குழாய், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதன் உட்புறத்தை மெல்லிய செல்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. நம் இரத்தத்தில் ஈசினோபில் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் உண்டு. குடற்புழுக்களை எதிர்ப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. இரைப்பையிலும் குடலிலும் இவை இயல்பாகவே காணப்படும். ஆரோக்கியமான உணவுக்குழாயின் உட்சுவரிலோ இவை இருப்பதில்லை. அங்கே இவை கூட்டமாகக் குடியேறுவதே இந்த நோய்.

கல்வராயன் மலையில் சாமை விளையும் கொல்லைக்குக் காட்டுப்பன்றி வராமல் காவல் இருப்பதுண்டு. பன்றியே வராத இடத்தில் காவலர் கூட்டமாக இறங்கி ஓடினால், மிதிபடுவது பயிர்தான். உணவுக்குழாயிலும் அப்படியே. பாலிலோ கோதுமையிலோ உள்ள புரதத்தை உடல் பகையாக எண்ணிக்கொள்கிறது. எச்சரிக்கை அடைந்த உட்சுவர்ச் செல்கள் ஈசினோபில்களை அழைக்கும் பொருளைச் சுரக்கின்றன. வந்த அணுக்கள் தங்கள் நச்சுப் புரதங்களை அங்கேயே கொட்டுகின்றன. உட்சுவர் வீங்குகிறது, செல்களுக்கிடையே உள்ள இணைப்புகள் தளர்கின்றன. அந்த இடைவெளிகளில் உணவுப் புரதம் இன்னும் எளிதாக நுழைகிறது. அழற்சி மேலும் கூடுகிறது. பல ஆண்டுகள் இப்படியே விட்டால், உட்சுவருக்குக் கீழே தழும்பு படிந்து, குழாய் விறைத்துக் குறுகிவிடும். ஆகையால்தான் சிறுபிள்ளைகளுக்கு வாந்தியும், வாலிபருக்கு உணவு சிக்குவதும் முக்கிய அறிகுறிகளாகின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

உணவுக்குழாயில் ஈசினோபில்கள் இருந்தால், அது இரைப்பை அமிலம் மேலேறுவதன் அடையாளம் என்றே மருத்துவர்கள் முன்பு எண்ணினார்கள். 1993-இல் ஆட்வுட் குழுவினரும், 1994-இல் சுவிட்சர்லாந்தில் ஸ்ட்ராமன் குழுவினரும் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பின்னரே இது தனி நோய் என்பது தெளிவாயிற்று. நம் நாட்டில் இது குறைவாகவே பதிவாகிறது. ஆஸ்துமா, ஒவ்வாமைத் தும்மல், கரப்பான் உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி.

இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. வெறுங்காலோடு நடக்கும் இடங்களில் கொக்கிப்புழு இருந்தாலும் இரத்தத்தில் ஈசினோபில் கூடும். எண்டோஸ்கோபிக் குழாயை உள்ளே செலுத்தி, உட்சுவரின் பல இடங்களிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு புலத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோபில்கள் இருந்து, வேறு காரணங்களும் இல்லையென்றால் நோய் உறுதியாகும். கண்ணுக்கு உட்சுவர் நன்றாகத் தோன்றினாலும் துணுக்கு எடுப்பது அவசியம்.

சிகிச்சை

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதுவே பலன் தருகிறது. இரண்டாவது, உட்சுவரில் படியும்படி விழுங்கும் ஸ்டீராய்டு மருந்து. அதை விழுங்கியபின் அரைமணி நேரம் எதுவும் உண்ணவோ பருகவோ கூடாது. மூன்றாவது, ஒவ்வாத உணவை நிறுத்துவது. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீன் ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஆறையும் ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை என்பது நல்ல செய்தி. 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாலை மட்டும் விட்ட பெரியவர்களில் 34 விழுக்காட்டினருக்கும், ஆறையும் விட்டவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் அழற்சி தணிந்தது. ஏற்கெனவே குறுகிப்போன குழாயை மருத்துவர் மெதுவாக விரித்துவிடவும் முடியும்.

மலைவீட்டுச் சாமைச்சோறு, கேழ்வரகுக் களி, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றில் கோதுமை இல்லை. ஆனால் கடையில் வாங்கும் பிஸ்கட், ரொட்டி, பரோட்டா, ரவை யாவும் கோதுமையே. இங்கே ஓர் எச்சரிக்கை: ஏற்கெனவே மெலிந்த பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் நாமாக நிறுத்திவிட்டால், நோயைவிடப் பசியே அதிகக் கேடு செய்யும். நிறுத்துவதற்கு முன், அதற்கு ஈடாக எந்தப் பருப்பு, எவ்வளவு மொச்சை என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

உணவை மாற்றியபின் சில வாரங்கள் கழித்து மீண்டும் எண்டோஸ்கோபி செய்துதான் பலனை அறிய முடியும். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு குடும்பத்துக்கு அது மறுபடியும் மலையிறங்கும் பயணம். தாய்க்கும் தகப்பனுக்கும் ஒருநாள் கூலி நஷ்டம். பாதியில் சிகிச்சை நின்றுபோவதற்கு அலட்சியம் மட்டுமே காரணமல்ல என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

கவனத்துக்கு

உணவு சிக்கி எச்சில்கூட இறங்காவிட்டால், வாழைப்பழத்தையோ சோற்றுருண்டையையோ விழுங்கித் தள்ளப் பார்க்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வயதானவருக்கு விழுங்குவது நாளுக்கு நாள் கடினமாகி எடையும் குறைந்தால், புற்றுநோயா என்று தாமதமின்றிச் சோதிக்க வேண்டும். உங்கள் சபையிலோ தெருவிலோ எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டு முடிக்கும் பிள்ளை இருந்தால், "அடம்" என்று அதட்டுமுன், "விழுங்கும்போது எங்கே நிற்கிறது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.