ஐந்து படிகள்

கணிப்பொறியை இயக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள் எனப்படும். கண்ணுக்குப் புலனாகாத இதன்கண் நேரும் சிறு பிழையும் பெருங்கேடு விளைக்கும். 1996ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் முதன்முதலாக ஏவிய 'ஏரியன் 5' என்னும் ஏவூர்தி, மென்பொருட் பிழையால் ஒரு நிமிடத்திற்குள் வானிலேயே வெடித்துச் சிதறியது.

இத்தகைய பிழைகளைத் தவிர்க்கும் வழியை அறிஞர் அதற்கு முன்னரே ஆராயலாயினர். 1984இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பிட்சுபர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருட் பொறியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 1986இல் அங்குப் பணியேற்ற வாட்ஸ் ஹம்ஃப்ரி என்பார், பொருளின் தரம் அதனை ஆக்கும் முறையின் தரத்தைச் சார்ந்தது என்று கருதினார். அக்கருத்தினின்றும் எழுந்த 'திறன் முதிர்ச்சி மாதிரி' 1991இல் வெளிவந்தது.

அம்மாதிரி ஐந்து படிகளை உடையது. முதற்படியில் ஒழுங்கு இல்லை. தனியொருவர் ஆற்றலே துணை. அவர் நீங்கின் பணி தளரும். இரண்டாம் படியில் காலமும் செலவும் திட்டமிடப்படும். முன்னர் வெற்றி தந்த முறை மீண்டும் கையாளப்படும். மூன்றாம் படியில் நிறுவனம் முழுமைக்கும் பொதுவான முறை எழுதி வைக்கப்படும். நான்காம் படியில் பணியின் போக்கும் பிழைகளின் தொகையும் அளந்தறியப்படும். ஐந்தாம் படியில் பிழைகளின் காரணங்கள் களையப்பெற்று, முறையே இடையறாது செம்மையுறும்.

இவற்றுள் எப்படியையும் தாவிச் செல்லுதல் தகாது. வரையறுக்கப்படாத முறையை அளத்தல் யாங்ஙனம்? அளக்கப்படாததைத் திருத்துதல் யாங்ஙனம்?

பிழை செய்தாரைப் பழித்தலினும், பிழை புகுந்த வழியை அடைத்தலே அறிவுடைமையாகும்.