கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். மலைக் குளிருக்குப் பிள்ளைகள் கம்பளித் தொப்பியோடுதான் வருவார்கள். தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளும் பழக்கம் அந்தத் தொப்பிக்குள்ளேயே வெகுநாள் மறைந்து கிடக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளோடு பழகித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தலையை நன்றாகப் பாருங்கள். படர்தாமரை என்றால் செதில் உதிரும், அரிக்கும். புழுவெட்டு வட்டமாக, வழுவழுப்பாக இருக்கும். பிள்ளை தானே பிய்த்த இடத்தில் அறுந்த முடி குட்டையும் நெட்டையுமாக நிற்கும். புருவத்தையும் இமையையும் கூடப் பாருங்கள். சந்தேகம் என்றால் டொக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, திட்டக் கூடாது. தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் ஒரு பிள்ளையின் அம்மாயி, "கண்ணூறு பட்டிருக்கு டீச்சர், நேர்ந்துகிட்டு மொட்டை போட்டுறலாம்" என்றார். மொட்டை போட்டால் முடி போகும், உள்ளே இருக்கும் தவிப்பு போகாது. இது கண்ணூறும் இல்லை, பிடிவாதமும் இல்லை. 1889இலேயே பிரான்சின் தோல் மருத்துவர் அலோப்போ பெயர் வைத்து எழுதிய கோளாறு. பல பிள்ளைகளுக்குத் தங்கள் கை தலைக்குப் போவதே தெரிவதில்லை.

எப்போது பிய்க்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும்போதா, டீவி பார்க்கும்போதா, தூங்கப் போகும்போதா? நேரம் தெரிந்தால் பாதி வழி திறந்துவிடும்.

அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கொடுங்கள். அஸ்ரின், நன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட பயிற்சியின் அடிப்படை இதுதான். பிய்க்கத் தோன்றியதும் விரல்களை மடக்கி ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நான் ஊல் நூல் கொடுத்து முடிச்சுப் போட, பின்னப் பழக்குகிறேன். படிக்கும் நேரத்தில் தொப்பி போட்டுக்கொண்டாலும் உதவும். கை தலைக்குப் போனால் எல்லார் முன்னாலும் கத்தாமல் தோளை மெல்லத் தொடுங்கள். பிய்க்காமல் இருந்த நேரத்தை வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் இது பெரும்பாலும் தானாகவே மறையும். ஆனால் பிய்த்த முடியை விழுங்கினால் அது வயிற்றில் உருண்டையாகத் திரளலாம். வயிற்று வலி, வாந்தி இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை யாருக்காவது பயப்படுகிறதா என்றும் தனியே, பொறுமையாகக் கேளுங்கள். வீட்டில் சமாளிக்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைக் கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

நின்ற பழக்கம் பரீட்சைக் காலத்திலோ, தாய் மறுபடி வெளிநாடு போகும்போதோ திரும்பி வரலாம். செய்ததெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கொப்பியையும் ஊலையும் மறுபடி எடுங்கள். முதல் தடவையில் கற்றுக்கொண்டது பிள்ளையின் கைக்கு மறந்திருக்காது.