சின்னப் பிள்ளைங்க சண்டைதானே?
நம்பிக்கைகளும் உண்மைகளும்

“மிஸ், இவன் என்னைக் காலனிப் பயன்னு சொல்றான் மிஸ்.”

இன்டர்வெல் முடிந்து மணி அடித்ததும் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம் சேரும். பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான், தள்ளிவிட்டான், கிள்ளிவிட்டாள் என்று பல புகார்கள். அவற்றுக்கு நடுவே இப்படியும் ஒன்று வந்து விழும். எல்லாவற்றுக்கும் சேர்த்து, “போய் உட்காருங்கடா” என்ற ஒரே தீர்ப்புதான் பெரும்பாலும் கிடைக்கும். சில நேரம் இதற்கு நேர்மாறாக நடக்கும். வகுப்பறைச் சச்சரவு மாலைக்குள் தெருச் சண்டையாகி, பெரியவர்கள் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பார்கள்.

தட்டிக்கழிப்பதற்கும் பற்றவைப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: நம்மிடையே உலவும் சில தவறான நம்பிக்கைகள். பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஆசிரியர் அறையிலும் டீக்கடையிலும் காதில் விழும் ஏழு நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சாதிச் சண்டையெல்லாம் தெற்கே நடக்கிறது. நம்ம பக்கம் அப்படி இல்லை.

உண்மை: 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பிளஸ் டூ மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி கேட்டுத் தமிழக அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அந்தப் பரிந்துரைகள் தென் மாவட்டங்களுக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் உரியவை. பெரம்பலூர் மாவட்டத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. ஊர்த்தெரு தனி, காலனி தனி என்று கிராமம் பிரிந்து கிடக்கையில், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் முதல் இடம் ஒன்றாம் வகுப்புதான். இங்கே அரிவாள் தூக்கவில்லை என்பது, இங்கே யாரும் யாரையும் இழிவாகப் பேசவில்லை என்பதற்குச் சான்றாகாது.

நம்பிக்கை 2: சின்னப் பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது.

உண்மை: சாதியின் வரலாறு தெரியாது, யாரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், யார் வீட்டுக்குள் போகக் கூடாது என்பது தெரியும். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகேயுள்ள உசிலம்பட்டி அரசுத் தொடக்கப் பள்ளியில், காலை உணவைச் சில பிள்ளைகள் தொட மறுத்தார்கள். சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண். கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் அதே மாதம் இதே கதை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் தாங்களாக எடுத்த முடிவா அது? வீட்டில் சொன்னார்கள், பிள்ளைகள் செய்தார்கள்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 1940களில் நடத்திய பொம்மைச் சோதனை உலகப் புகழ் பெற்றது. மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் மாறுபட்ட பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளை பொம்மையைக் காட்டின. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டியது. ஏளனம் செய்யும் பிள்ளை மட்டுமல்ல, ஏளனத்துக்கு ஆளாகும் பிள்ளையும் அந்த வயதிலேயே பாடம் கற்றுவிடுகிறது. “நாம கொஞ்சம் மட்டம்” என்பதே அந்தப் பாடம்.

நம்பிக்கை 3: சாதிப் பெயரைச் சொன்னால்தான் சாதிக் கேலி.

உண்மை: நேரடியாகச் சாதிப் பெயர் வருவதே குறைவு. தெருவின் பெயர் வரும், அப்பா செய்யும் வேலை வரும், வீட்டில் சமைக்கும் கறி வரும், நிறம் வரும். ‘கருவாயா’ என்று ஒருவன் சொல்லும்போது அது நிறத்தைப் பற்றிய வெறும் வம்பாகவும் இருக்கலாம், சாதியைச் சுற்றிவளைத்துச் சொல்வதாகவும் இருக்கலாம். யார் யாரைப் பார்த்து, எத்தனை முறை, எதன் தொடர்ச்சியாகச் சொன்னார்கள் என்று விசாரித்தால்தான் விளங்கும். ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து போவதற்கு ஓர் ஆணை போதும். பிள்ளைகளின் வாயிலிருந்து போவதற்குப் பள்ளியும் வீடும் மெனக்கெட வேண்டும்.

ஆசிரியர்களும் தெரியாமலே எடுத்துக் கொடுப்பதுண்டு. “எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரு, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வாங்கிக்கோ” என்று வகுப்பில் கூப்பிட்டால், யார் யார் என்று மற்ற பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தாயிற்று. இத்தகைய தகவல்களைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் சந்துரு குழு பரிந்துரைத்தது இதற்காகத்தான். இவற்றில் எதற்கும் பைசா செலவில்லை.

நம்பிக்கை 4: நரிக்குறவர் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை. அவர்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

உண்மை: பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், காரை ஊராட்சி மலையப்ப நகர் போன்ற இடங்களில் நரிக்குறவர் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி போன்ற மொழிகளோடு உறவுள்ளது, தனக்கென எழுத்து இல்லாதது. ஒன்றாம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் அந்தப் பிள்ளைக்குத் தமிழே இரண்டாம் மொழி. உச்சரிப்பு சற்றுப் பிசகினால் சிரிப்பு; உடைக்கு ஒரு கேலி; பாசிமணி, ஊசி விற்கும் அம்மாவைத் திருவிழாவில் பார்த்ததற்கு ஒரு கேலி. திருவிழா வியாபாரத்துக்குப் பெற்றோரோடு போய்விட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பினால், விட்டுப்போன பாடத்தோடு இந்தக் கேலியும் காத்திருக்கும். இத்தனையையும் தாண்டி வரும் பிள்ளை ஒருநாள் வராமல் போனால், ‘நாட்டமில்லை’ என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம்.

இப்படிக் கேலிக்கு ஆளாவது அவர்கள் மட்டுமல்ல. அரியலூரின் சிமென்ட் ஆலைகள், பெரம்பலூர் பக்கத்துத் தொழிற்சாலைகள், கட்டட வேலைகள் என்று வட மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வரும் காலம் இது. குடும்பத்தோடு வருபவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளுக்கே வருகிறார்கள். பெயரிருக்க, ‘ஏய் இந்தி’ என்றும் ‘வடக்கன்’ என்றும் கூப்பிடுவது வேடிக்கை அல்ல. அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க முதலில் ஆசிரியர் பழக வேண்டும். வகுப்பு தானாகப் பின்தொடரும்.

நம்பிக்கை 5: புகார் என்று போனால் பிள்ளைமீது பி.சி.ஆர். கேஸ் பாயும்.

உண்மை: இந்தப் பயம்தான் இரு தரப்பையும் வாயடைக்க வைக்கிறது. நம் ஊரில் பி.சி.ஆர். என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத்தான். பட்டியல் சாதி, பழங்குடியினரல்லாத ஒருவர், பொதுப் பார்வையில், அச்சமூகத்தவரைச் சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடுவதோ, இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதிப்பதோ அதன்படி குற்றம். ஆனால் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் எந்தச் செயலும் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-வது பிரிவு. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி இல்லையென்றால் அதுவும் குற்றமல்ல என்கிறது 21-வது பிரிவு. அதற்கு மேற்பட்ட சிறாரையும் இளைஞர் நீதிக் குழுமமே விசாரிக்கும். ஆக, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாய்த்துடுக்குக்குப் போலீஸ் விடையல்ல.

பெரியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லிப் பட்டியல் சாதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த பெட்டிக்கடைக்காரர் கைதானார். அதே ஆண்டு டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பாலக்கரையில், பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் ஒரு தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. அவர்களுக்கும் இப்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவல் உண்டு.

நம்பிக்கை 6: நாலு அடி போட்டு, ஸாரி சொல்ல வைத்தால் தீர்ந்தது.

உண்மை: அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. சட்டத்தை விடுங்கள், பலனும் இல்லை. அடி வாங்கியவனுக்கு வலி நினைவிருக்கும். சொன்னது ஏன் தவறு என்பது ஏறாது. புகார் சொன்னவன்மேல் ஆத்திரம் வேறு சேரும். எல்லார் முன்னும் கைகுலுக்க வைப்பதில் இன்னொரு கொடுமை: அடிபட்ட மனசோடு நிற்கும் பிள்ளை உடனே மன்னித்தாக வேண்டும்.

வேறு என்ன செய்யலாம்? இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் இருப்பவனைச் சாதியை வைத்துக் கேலி செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேலிக்கு ஆளானவனைத் தனியே அழைத்து, “அவன் சொன்னது தப்பு. நீ எங்கிட்ட வந்து சொன்னது ரொம்பச் சரி” என்று சொல்ல வேண்டும். பிறகு சொன்னவனிடம் குரலை உயர்த்தாமல், “இந்த வார்த்தையை எங்க கேட்ட?” என்று கேட்க வேண்டும். “எங்க அப்பாயி சொல்லும் டீச்சர்” என்று பட்டென்று பதில் வரலாம். அப்பாயியைத் திட்ட வேண்டியதில்லை. “வீட்ல சொன்னாலும் இங்க யாரும் யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது. அதைக் கேட்டா அவனுக்கு மனசு நோகும்” என்றால் ஏழு வயதுக்கு விளங்கும். மறுநாள் பெயர் எதுவும் குறிப்பிடாமல் வகுப்பு முழுவதற்கும் அதையே சொல்லலாம். இரு வீட்டுக்கும் அன்றே தகவல் போக வேண்டும். இருவரையும் எதிரெதிரே நிறுத்தாமல் தனித்தனியே பேச வேண்டும். அதன் பிறகு சில வாரங்களுக்கு, மதியச் சாப்பாட்டில் யார் தனியே உட்காருகிறார்கள், விளையாட்டில் யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஒரு கண் வைத்தால் போதும்.

நம்பிக்கை 7: எழுதி வைத்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர்.

உண்மை: லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டதை ஆராய்ந்த மெக்ஃபர்சன் அறிக்கை, இனவெறிச் சம்பவங்கள் அனைத்தையும் பள்ளிகள் பதிவு செய்ய வேண்டும் என்று 1999-ல் பரிந்துரைத்தது. பல பள்ளிகள் அதைச் செய்தன. குழந்தைகளின் விளையாட்டுச் சச்சரவுகூட இனவெறிக் கணக்கில் ஏறுகிறது என்ற கண்டனமும் அங்கே கிளம்பியது. அந்த அனுபவத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: சம்பவத்தை எழுதுங்கள், பிள்ளைக்கு முத்திரை குத்தாதீர்கள். தேதி, சொன்ன சொல், எடுத்த நடவடிக்கை என்று மூன்று வரி போதும். அந்த நோட்டு தலைமை ஆசிரியரிடம் பத்திரமாக இருக்கட்டும், டி.சி.யிலோ நடத்தைச் சான்றிதழிலோ அது ஏறக் கூடாது. ஒரே சொல் ஐந்தாறு பேர் வாயிலிருந்து வருகிறதென்றால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, ஊரில் இருக்கிறது என்பதை அந்த நோட்டுதான் காட்டும்.

ஏழு வயதுப் பிள்ளையைச் சாதி வெறியன் என்பது அநியாயம். அது சொன்ன சொல்லைக் கேட்டும் கேளாதவர் போல் இருப்பது அதைவிடப் பெரிய அநியாயம். இந்த இரண்டுக்கும் நடுவே ஆசிரியர் செலவிட வேண்டியது சில நிமிடப் பேச்சு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் கட்டடத்தையும் குடிநீரையும் பேசிய கையோடு, “பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள்?” என்றும் கேளுங்கள். பள்ளி காது கொடுக்கவில்லை என்றால் கல்வித் துறையின் 14417 இருக்கிறது; குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. அதற்கும் முன்னால், இன்று இரவு சாப்பிடும்போது பக்கத்துத் தெருக்காரர்களைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம் என்று கவனியுங்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.