நெஞ்சில் ஏறிய சைன்போர்டு



சென்ற மாதம் ஒருநாள் என் மகன் மதரஸாவுக்குப் புறப்பட்டு நின்றான். வயது பதினொன்று. அவன் போட்டிருந்தது ஓர் இங்கிலீஷ் காற்பந்துக் குழுவின் சட்டை. பசார் மாலாமில் அவன் மாமா வாங்கிக் கொடுத்தது. நெஞ்சில் பெரிய எழுத்தில் ஒரு பெயர். "இது யார் பெயர்?" என்றேன். "ஸ்பான்சர், அத்தா" என்றான். விசாரித்தால் அது பந்தயம் கட்டும் சூதாட்டக் கம்பெனி! ஓதப் போகிற பிள்ளையின் நெஞ்சில் இந்தப் போர்டு எப்படி வந்து ஏறிற்று என்று அன்றுமுதல் தேடிப் படித்தேன்.

கடைக்காரனுக்கு இதில் ஒரு பாதி உடனே விளங்கும். நான் கடை திறந்தபோது ஒரு பானக் கம்பெனியார் சைன்போர்டு இலவசம் என்றார்கள். சந்தோஷமாகச் சரி என்றேன். மாட்டிய பிறகு பார்த்தால் முக்கால் பலகை அவர்கள் பானம். என் கடைப் பெயர் கீழே ஓரத்தில் எறும்பு மாதிரி. காசு அவர்களுடையது, என்ன சொல்வது?

காற்பந்திலும் அப்படித்தான். 1973-ல் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் குழுவுக்கு யேகர்மைஸ்டர் என்னும் மதுபானக் கம்பெனி பணம் தர முன்வந்தது. சட்டையில் விளம்பரம் கூடாது, குழுவின் சின்னம் மட்டும் இருக்கலாம் என்பது அந்நாட்டு விதி. என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் சிங்கச் சின்னத்தை எடுத்துவிட்டு, மதுப் புட்டியில் இருந்த மான் தலையையே குழுவின் சின்னமாக்கிக் கொண்டார்கள்! இங்கிலாந்தில் 1976-ல் கெட்டரிங் டவுன் என்ற சிறிய குழு, ஒரு டயர் கம்பெனியின் பெயரைப் போட்டது. எடுக்கச் சொன்னது சங்கம். முதல் எழுத்தை மட்டும் விட்டுவைத்து, "அது டயர் அல்ல, டவுன்" என்று சாதித்துப் பார்த்தார்கள். மறு ஆண்டே சங்கம் இறங்கி வந்தது. 1979-ல் லிவர்பூல் சட்டையில் ஹிட்டாச்சி ஏறிற்று.

பணம் வந்ததே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 1961 வரை அந்நாட்டில் ஆட்டக்காரருக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு இருந்தது. திடல் நிறையக் கூட்டம், உழைப்பவனுக்கு 20 பவுன்! அது அநியாயம். வரம்பு நீங்கியபின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுன் பெற்றார்.

நிலைமை மாறியது டெலிவிஷனால். 1992-ல் பிரிமியர் லீக் தொடங்கியபோது ஐந்து ஆண்டு ஒளிபரப்புக்குப் பேசிய தொகை 304 மில்லியன் பவுன். அன்றுமுதல் டிக்கெட் வாங்கித் திடலுக்கு வருகிறவர் சில்லறை வாடிக்கை; மொத்த வாடிக்கை தூரத்தில் உட்கார்ந்திருப்பவர், அஃதாவது நாம். அங்கே சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு ஏழரை அல்லது எட்டரை. சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் கூடும் நேரம்! சில குழுக்களின் சட்டையில் பந்தயக் கம்பெனியின் பெயர் சீன எழுத்தில் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்க்காரன் அதைப் படிக்கவா போட்டார்கள்?

மறுத்தவர்களும் உண்டு. 2006-ல் ஸ்பெயின் நாட்டின் செவில்லா குழுவில் ஆடிய கனூட்டே, சூதாட்டக் கம்பெனியின் பெயர் இல்லாத சட்டையோடு சில காலம் ஆடினார். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் அம்லா பீர் கம்பெனியின் சின்னத்தை அணியவில்லை. 2013-ல் நியூகாசில் குழுவின் பாபிஸ் சிஸ்ஸே, வோங்கா என்ற கடன் கம்பெனியின் பெயரை முதலில் மறுத்து, கடைசியில் அணிந்தார். ஆண்டுக் கணக்கில் 5,000 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வைத்திருந்த கம்பெனி அது. 2018-ல் நொடித்துப் போயிற்று. சிஸ்ஸேயைக் குறை கூற எனக்கு மனமில்லை. சம்பளம் தருகிறவர் முன்னே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2023 ஏப்ரலில் பிரிமியர் லீக் குழுக்கள், 2025-26 பருவம் முடிந்ததும் சூதாட்டப் பெயரைச் சட்டையின் முன்புறத்திலிருந்து நீக்குவதாக முடிவு செய்தன. கையிலும் திடலோரப் பலகையிலும் போடுவதை அம்முடிவு தடுக்கவில்லை.

இன்னொன்றும் அறிந்தேன். இங்கிலாந்தில் சிறுவர் அளவுச் சட்டைகளில் சூதாட்டப் பெயர் போடுவதில்லை. அங்கே அதற்கு விதி உண்டு. போலிச் சட்டை தைப்பவனுக்கு அந்த விதி ஏது? பெரியவர் சட்டையைச் சின்னதாக்கி, பெயரோடு தைத்துவிட்டான். பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் அது நம் வீட்டுக்குள் வந்தது.

மகன் சட்டையைக் கொடுக்க மாட்டேன் என்று அழுதான். அவன் அம்மா ஒரு துண்டுத் துணியை அந்தப் பெயர்மேல் வைத்துத் தைத்தாள். கனூட்டே கதையைச் சொன்னேன், அழுகை நின்றது. அந்தச் சட்டையைத்தான் இப்போதும் போடுகிறான். துணியின் நிறம் மட்டும் ஒட்டவில்லை.