ஆடுகளத்தின் உழைச்செல்வர்

சடுகுடு ஆட்டம் முறுகி நிற்கும் வேளையில் நம் கண்கள் எங்கே செல்கின்றன? பாடிச் செல்வோனையும், அவனை மடக்க வளைந்து நிற்போரையும் அன்றி வேறெவரையும் நாம் காண்பதில்லை. கோட்டுக்கு வெளியே, தண்ணீர்க் குடத்தின் அருகில், தோளில் ஒரு பையுடன் ஒருவர் நிற்கின்றார். அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆடுவோரின் கால்களைப் பார்க்கின்றார். எவன் ஒரு காலைச் சற்றே தாங்கி வைக்கின்றான், எவன் வீழ்ந்தபின் தயங்கி எழுகின்றான் என்பதே அவர் கவலை. விளையாட்டு வீரரின் உடலைப் பயிற்றிக் காப்பதும், காயமுற்றால் பேணுவதும் அவர் தொழில். மாணவர்களே, நீங்கள் மேற்கொள்ளத்தக்க தொழில்களுள் அதுவும் ஒன்றாகும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அவர் நிறுத்தவில்லை. அருகிருந்து பேணுபவனையும் உழைச்செல்வான் என்னும் பெயரால் உடன் சேர்த்தார். உழை என்பது பக்கம். இதனை உழைத்தல் என்னும் வினையோடு மயங்கிப் பொருள் எழுதும் மாணவரை நான் ஆண்டுதோறும் கண்டதுண்டு.

இத்தொழிலின் அருமையை நான் உணர்ந்தது ஏட்டினால் அன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பயின்ற ஒருவன் சடுகுடுவில் வல்லவன். ஒரு போட்டியில் அவன் முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே ‘மடக்’கென்று ஓர் ஒலி கேட்டதாகச் சொன்னான். அருகிலிருந்த ஒருவர் காலைப் பற்றி இழுத்துவிட்டார், தைலம் தேய்த்தார், துணியால் இறுகக் கட்டினார். “ஆடுவாயா, தம்பி?” என்று வினவினோம். பதினாறு வயதுச் சிறுவன் ஊரார் முன்னிலையில் மாட்டேன் என்பானோ? ஆடினான். எல்லாரும் கைதட்டினர்; நானும் தட்டினேன். அன்று அவன் அணி வென்றது. அதன்பின் அவன் களம் இறங்கவே இல்லை. இன்றும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே படியேறுகின்றான்.

நிகழ்ந்தது யாது என்பதைப் பின்னர் மருத்துவர் விளக்கினார். தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகப் பிணைக்கும் தசைநார் ஒன்று உண்டு. பாதம் மண்ணில் ஊன்றி நிற்க உடல் மட்டும் சுழலுமாயின் அஃது அறுந்துபோதல் கூடும். அவ்வொலியும், சில மணி நேரத்துள் தோன்றும் வீக்கமும் அதன் அறிகுறிகள். தொழிலறிந்த ஒருவர் அன்று இருந்திருப்பின், காலை இழுத்திருக்கமாட்டார். அசையாமல் வைத்து, துணியில் பொதிந்த பனிக்கட்டியை ஒற்றி, மருத்துவரிடம் அனுப்பியிருப்பார். எல்லாவற்றிற்கும் முன்னதாக, “இன்று நீ ஆடலாகாது” என்று எங்கள் அனைவர் முன்னும் சொல்லியிருப்பார்.

இத்தகைய கேட்டிலிருந்து மீண்டோர் உளர். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டியில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், காலிறுதியில் முழங்கால் முறுகித் தூக்குப் படுக்கையில் வெளியேறினார். அறுவைச் சிகிச்சையும் நீண்ட பயிற்சியும் பெற்று, 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். மல்யுத்தத்தில் அப்பேறு பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

அறுவை மருத்துவரின் பணி சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பின்வரும் திங்கள்கள் இயன்முறை மருத்துவருக்கு உரியவை. சில திங்களில் வலி நீங்கும். வீரர் நலமாயினேன் என்பார். ஆயின் உள்ளே பொருத்திய நார் அதற்குள் முழு வலிமை பெற்றிராது. பொதுவாக ஒன்பது திங்களேனும் பொறுத்தல் வேண்டும். அவ்வாறு பொறுக்கச் செய்வதே இத்தொழிலின் கடினமான பகுதி. பயிற்சியாளர் கடிந்துகொள்வார், வீரர் கண்ணீர் விடுவார். ஒற்றைக் காலால் தாண்டச் செய்து, இரு தொடைகளின் வலிமையையும் அளந்து ஒப்பிட்டு, அவ்வெண்களைக் காட்டியே அவர்கட்கு விடை கூற வேண்டும்.

தலையில் அடிபட்டு மயங்கியவன் சற்று நேரத்தில் எழுந்து நகைத்தாலும், அன்று அவனை மீண்டும் களத்தில் இறக்கலாகாது. வெயிலில் ஓடியவனின் உடல் கொதித்துப் பேச்சுக் குழறுமாயின், வண்டிக்குக் காத்திராமல் உடனே குளிர்ந்த நீரால் உடலைத் தணிவிக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு கோபன்ஹேகனில், டென்மார்க்கின் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று வீழ்ந்தார். களத்திலேயே மார்பை அழுத்தியும் மின்னதிர்வு தந்தும் அவர் உயிரை மீட்டனர். மறு ஆண்டு அவர் மீண்டும் பந்தாடினார்.

அமெரிக்காவில் இது தனித்தொழிலாக வளர்ந்தது. அதற்கெனத் தேசியச் சங்கம் 1950-இல் தோன்றியது. நம் நாட்டில் பலர் இயன்முறை மருத்துவத்தின் வழியே இதனை அடைகின்றனர். மேனிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்று, அப்பட்டம் பெற்று, மேற்படிப்பில் விளையாட்டுப் பிரிவைத் தேர்வர். மருத்துவப் பட்டத்தின்பின் விளையாட்டு மருத்துவம் பயில்வாரும் உளர். சில வாரங்களில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்வாரும் உளர். கல்லூரி அரசின் ஏற்புப் பெற்றதா என்று விசாரித்த பின்னரே பணம் கட்டுக.

மாலைப் பொழுதும் விடுமுறை நாளும் இத்தொழிலினர்க்கு ஓய்வாக அமைவதில்லை. விருப்பமுடையோர் உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு, முதலுதவிப் பெட்டியை ஒரு பருவம் ஏந்தி நின்று பாருங்கள். நண்பர்கள் ஆட, நாம் ஓரத்தில் நிற்க மனம் இசைகின்றதா என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும்.