ஒன்பதைவிட ஏழரை பெரிது

அன்புள்ள நிலா,

ஸ்கீட் பயிற்சியில் ஒன்பதாம் நம்பர் தோட்டா கொடுத்த பயிற்சியாளர், டிராப்புக்கு மாறியதும் ஏழரையை நீட்டினார், ஒன்பதுதானே பெரிது என்று கேட்டிருக்கிறாய். புதிதாக வருகிற எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வரும். ஷாட்கன் தோட்டாவில் நம்பர் ஏற ஏற உள்ளே இருக்கும் குண்டு சிறுக்கும்.

அமெரிக்க அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 17-இலிருந்து நம்பரைக் கழித்து நூறால் வகுத்தால், குண்டின் விட்டம் அங்குலத்தில் கிடைக்கும். ஒன்பதுக்கு 0.08, அதாவது 2 மில்லிமீட்டர். ஏழரைக்கு 0.095, ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் நம்பர்கள் இதற்குப் பொருந்தாது. அதனால் நான் பெட்டியில் மில்லிமீட்டரைத்தான் முதலில் தேடுவேன்.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்பது கடுகு மாதிரி. ஏழரை கொஞ்சம் பருத்த கடுகு. கண்ணுக்கு அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் விட்டம் சிறிது கூடினாலே எடை மளமளவென்று ஏறிவிடும். ஓர் ஏழரைக் குண்டு ஒன்பதைப்போல 1.7 மடங்கு கனம். போட்டித் தோட்டாவில் ஈயம் 24 கிராம்தான். அதற்குள் ஒன்பது என்றால் சுமார் 500 குண்டுகள், ஏழரை என்றால் 300.

ஸ்கீட்டில் நீ சுட வேண்டிய தட்டு உனக்குக் குறுக்கே, பக்கத்திலேயே பறக்கிறது. அங்கே 110 மில்லிமீட்டர் தட்டைப் பிடிக்கக் குண்டுகள் நெருக்கமாகப் பரவினால் போதும். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்ட டிராப் வேறு மாதிரி. 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து தட்டு உன்னை விட்டு விலகி ஓடும். நீ சுடும்போது அது 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். சின்னக் குண்டு காற்றில் சீக்கிரமே வேகம் இழக்கும். தட்டில் பட்டும் அது உடையாமல் போகலாம், சில்லு தெறிக்காவிட்டால் புள்ளி இல்லை. கனத்த குண்டுக்கு அந்தத் தூரத்திலும் உடைக்கும் வலு மிஞ்சியிருக்கும்.

அதற்காக இன்னும் பெரிய குண்டைத் தேடாதே. ஏழரைக் குண்டு அதிகபட்சம் 200 மீட்டர் வரை போய் விழும். 'டபுள் ஜீரோ பக்' குண்டு காய்ந்த பட்டாணி அளவு இருக்கும், 600 மீட்டருக்கும் மேல் போகும். மைதானத்துக்கு அப்பால் ஆடு மேய்ப்பவர் இருப்பார். சர்வதேசப் போட்டியிலும் 2.6 மில்லிமீட்டருக்கு மேல் அனுமதி இல்லை.

உன் இடுப்புப் பையில் மிச்சமிருக்கும் ஒன்பதாம் நம்பர் தோட்டாக்களை இன்றே எடுத்து அவற்றின் பெட்டியில் போட்டுவிடு. டிராப்புக்குப் போகும்போது பையில் ஏழரை மட்டும் இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா