நிறம் பார்க்கும் நெஞ்சம்

நிறபேதம் எல்லா நாடுகளிலும் ஒரே உருவில் இருப்பதில்லை. மூன்று நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

தென்னாப்பிரிக்காவில் அதைச் சட்டமே வளர்த்தது. 1950-ல் வந்த ஒரு சட்டம், ஒவ்வொருவரையும் இன்ன இனத்தார் என்று பதிவு செய்தது. ஐயம் எழுந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்ததும் உண்டு. அச்சட்டம் நீங்கியது 1991-ல்தான்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சட்டமும் வழக்கமும் கைகோத்து நின்றன. 1955-ல் மாண்ட்காமெரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டார். பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1964-ல் வந்தது.

பிரேசிலின் நிலை வேறு. 1888-ல் அடிமைமுறை ஒழிந்தபின் அங்கே இத்தகைய பிரிவினைச் சட்டங்கள் இல்லை. தங்களிடம் நிறபேதமே இல்லை என்று பலர் பெருமை பேசினர். ஆனால் 1950-ல் சாவோ பாலோ நகர ஹோட்டல் ஒன்று, கேதரின் டன்ஹம் என்ற கறுப்பின நடனக் கலைஞருக்கு அறை தர மறுத்தது. மறு ஆண்டே பாகுபாட்டைத் தண்டிக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஏட்டில் இல்லாதது நெஞ்சில் இருந்தது!

“நம் மார்க்கத்தில் இது இல்லையே” என்போம். மார்க்கத்தில் இல்லை, உண்மை. நம்மிடம் இல்லையா? முஸ்லிம் நாடான மவுரித்தானியாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1981-ல். அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமானது 2007-ல்.

அபூதர் (ரலி) அவர்கள் சிறந்த நபித்தோழர். ஒருமுறை அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைப் பொறுக்கவில்லை. அறியாமைக் காலத்தின் குணம் அவரிடம் இன்னும் இருப்பதாகக் கண்டித்தார்கள். பிற்காலத்தில் அபூதர் (ரலி), தாம் அணிந்தது போன்ற ஆடையையே தம் பணியாளருக்கும் அணிவித்தார்கள். திருந்திய உள்ளத்துக்கு அதுவே அடையாளம்.

பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். பெண் பார்த்துத் திரும்பும்போது, “எல்லாம் சரிதான், நிறம்தான் மட்டு” என்கிறோம். வீட்டில் வேலை செய்பவருக்குத் தனித் தம்ளர் வைக்கிறோம். இவற்றைத் தடுக்க எந்தச் சட்டமும் நம் வீட்டுக்குள் வராது. தக்வா ஒன்றுதான் வரும்.

அல்லாஹ் நம் உள்ளங்களைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.